இருப்பில் நின்ற துணிகள்

எங்கள் வீட்டில் தையல் கணக்கு ஜனவரியில் தொடங்குவதில்லை. பிள்ளையார் நோன்பன்று தொடங்குகிறது. திருக்கார்த்திகைக்குப் பிறகு இருபத்தோராம் நாள் வரும் அந்த நோன்பில், புது வேட்டியிலிருந்து 21 இழைகளைப் பிரித்தெடுத்துத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது நகரத்தார் வழக்கம். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் இழையை எடுத்துக் கொடுப்பார். வேட்டியிலிருந்து இழை பிரிக்கும் வேலை பல ஆண்டுகளாக என்னுடையது. ஊசிமுனையால் ஓரத்து நூல் ஒன்றைத் தூக்கி, அறுந்துவிடாமல் கடைசி வரை உருவ வேண்டும். நெசவு நெருக்கமா தளர்வா என்பது விரலுக்கே தெரிந்துவிடும். அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு தையல் பேரேட்டை விரித்து, வரும் ஆண்டில் தைக்க வேண்டியவற்றை எழுதுவேன்.

பேரேடு என்றால் உண்மையான பேரேடுதான். என் கணவரின் ஐயா, அதாவது பாட்டனார், பினாங்கில் வட்டிக்கடை நடத்தியவர். அவர் எழுதாமல் விட்டுப்போன நீளமான கணக்குப் புத்தகங்கள் இரண்டாம் கட்டு அலமாரியில் கிடந்தன. சிவப்புத் துணி அட்டை, கெட்டித்தாள். அதில் ஒன்றை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம் வரவு: எந்தத் துணி, எத்தனை மீட்டர், எங்கே வாங்கியது. வலப்பக்கம் செலவு: எந்தத் துணி எதுவாக மாறியது. கடைசியில் இருப்பு. ஆண்டுத் திட்டம் அதே புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து தொடங்கும். சென்ற நோன்பு முடிந்து அடுத்த நோன்பு வரும் வரைக்குமான திட்டத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். பாதிக்குமேல் அப்படியே நிற்கிறது. இருப்புப் பக்கமோ நிரம்பி வழிகிறது.

எழுதியிருந்தவை இவை. நகரத்தார் வீட்டுச் சிறுமிகளுக்குச் செய்யும் சடங்கான திருவாதிரைப் புதுமைக்குப் பேத்திக்குப் பட்டுப் பாவாடையும் சட்டையும். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களுக்குத் தோள்பைகள். தைப் பொங்கலை அடுத்த செவ்வாயன்று வைக்கும் செவ்வாய்ப் பொங்கலுக்கு வரும் விருந்தினருக்குத் தலையணை உறைகள். எனக்கு மாதம் ஒன்றாக ரூபியாத் துணியில் ரவிக்கைகள். உள்பாவாடைகள். கணவருக்குக் காலர் வைத்த அரைக்கைச் சட்டை. மாடி அறையின் ஜன்னல்களுக்குத் திரை. எல்லாவற்றுக்கும் கீழே, ஒவ்வோர் ஆண்டும் நான் எழுதும் ஒரு வரி: என் பாட்டியான ஆயாவின் கண்டாங்கிச் சேலையைப் போர்வையாக்க வேண்டும்.

முடிந்தவை எவை என்று பார்த்தால் விஷயம் தெளிவாகத் தெரிகிறது. நாள் குறித்த வேலைகள் முடிந்திருக்கின்றன. பேத்தியின் புதுமைக்கு நாள் உண்டு. பூசத்துக்கு நாள் உண்டு. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கு நாள் உண்டு. ரவிக்கைக்கும் திரைக்கும் நாள் இல்லை. அவை எனக்காகவும் வீட்டுக்காகவும் எழுதியவை. இன்று இல்லாவிட்டால் நாளை என்று தள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. வீட்டில் தைக்கும் பெண்களில் பலருக்கு இதுதான் நிலைமை என்பது என் எண்ணம். ஊருக்கெல்லாம் ஃபால் அடித்துக் கொடுப்பவள் ஓரம் பிரிந்த உள்பாவாடையைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

பாவாடையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பேத்திக்கு ஆறு வயது. அளவெடுக்க நிற்கும்போது, “அப்பத்தா, இதில் பை வைப்பீர்களா?” என்று கேட்டாள். பட்டுப் பாவாடைக்குப் பையா என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. பக்கத் தையலின் உள்ளே, இடுப்புப் பட்டியிலிருந்து நான்கு விரல் கீழே, மெல்லிய பருத்தித் துணியில் பை வைத்துத் தைத்தேன். பட்டிலேயே பை வைத்தால் கை நுழைக்கும் இடத்தில் நைந்துவிடும். மேலும் பையின் கனம் பட்டை இழுக்கும். பையின் மேல் ஓரத்தை இடுப்புப் பட்டிக்குள் செருகித் தைத்துவிட்டால் கனம் பட்டியில் நிற்கும். வளர வளர இறக்கிவிட அடியில் இரண்டு மடிப்பும் வைத்தேன். விழா முழுவதும் அவள் ஒரு கையைப் பைக்குள் விட்டபடியே நின்றாள். அந்த ஆண்டின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அடுத்து பழனிப் பைகள். காவடிகள் குன்றக்குடியிலிருந்து கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடந்து பழனி சேரும். நடப்பவர்களின் தோளில் ஒரு துணிப்பைதான் தொங்கும். அதில் மாற்றுத்துணி, துண்டு, தண்ணீர், விபூதி எல்லாம் இருக்கும். கடையில் விற்கும் பைகளில் பட்டி மெலிதாக இருக்கிறது. பாதி வழியில் தோளை அறுக்கத் தொடங்கிவிடும். நான் காடாத் துணியில் தைக்கிறேன். பட்டியை மூன்று அங்குல அகலத்துக்குக் குறையாமல், துணியை நான்காக மடித்து, நீளவாக்கில் நான்கு வரிசை தையல் ஓட்டுவேன். பட்டி பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட வேண்டும். அப்போதுதான் இழுப்பு ஒரே கோட்டில் விழாமல் பரவும். பூசம் முடிந்து திரும்பியவர்கள் பையை இப்போதும் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியது. அதற்குப் பிறகு மஞ்சள் துணியிலும் தைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். மறுப்பதற்கு மனம் வருவதில்லை. மறுக்கவும் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பைகள் திட்டத்தில் எழுதப்படாதவை. ரவிக்கைக்கு இருந்த மாலைப்பொழுதுகள் அங்கே போய்விடுகின்றன.

எழுதப்படாத வேலை என்று எடுத்துக்கொண்டால் அதுவே பெரிய கணக்கு. வேட்டிக் கரை பிரிந்துவிட்டது, நைட்டிக்கு ஜிப் போய்விட்டது, பள்ளிச் சீருடையில் முழங்கால் கிழிந்துவிட்டது. “ஆச்சி, இந்தச் சேலைக்கு ஃபால் மட்டும்” என்று யாராவது வளவு வாசலில் நிற்பார்கள். ஃபால் மட்டும் என்பது அரை மணி வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஃபால் துணி இரண்டரை மீட்டர். பருத்தி. தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே சேலையில் வைக்க வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் ஃபால் சுருங்கி, சேலையின் அடிப்பகுதி முழுவதும் சுருக்கம் விழுந்துவிடும். கீழ் ஓரத்தை மிஷினில் அடிக்கலாம். மேல் ஓரம் வெளியே தெரியாமல் இருக்க வேண்டுமானால் கையால்தான் போட வேண்டும்.

திட்டம் நிறைவேறாமல் போவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதிலேயே இருக்கிறது. நாம் உருப்படிகளை எழுதுகிறோம். அந்த உருப்படிக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளை எழுதுவதில்லை. ஒரு ரவிக்கையை மிஷினில் ஓட்டும் நேரம் மிகவும் குறைவு. துணியையும் லைனிங்கையும் தனித்தனியாக நனைத்து உலர்த்த வேண்டும். சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பொருந்தும் நூல் வீட்டில் இல்லாவிட்டால் காரைக்குடிக்குப் போய் அம்மன் சன்னதிக் கடைகளில் நிறம் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். மின்விளக்கில் ஒன்றாகத் தெரியும் நிறம் வெயிலில் வேறாக இருக்கும். கடையின் வெளியே வந்து பார்த்துத்தான் எடுப்பேன். கிராஸ் கட் ரவிக்கை என்றால் முன்பக்கத் துணியைக் கோணத்தில் வைத்து வெட்ட வேண்டும். அது துணியை நிறையத் தின்னும். எண்பது சென்டிமீட்டர் பிட்டில் முழங்கை வரை கை வைக்க நினைத்தால் எங்காவது ஒட்டுப்போட வேண்டிவரும். ஒரு மீட்டர் வாங்குவதே நல்லது. தைத்து முடித்த பின் கொக்கி, அதற்கான நூல் வளையம், கழுத்து ஹெம்மிங், கை ஹெம்மிங். என்னிடம் இப்போது கொக்கி கட்டாமல் நிற்கும் ரவிக்கைகள் இருக்கின்றன. அவற்றைப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? துணி செலவாகிவிட்டது, ஆனால் உடுத்த முடியாது. அவற்றுக்கென்று இரண்டுக்கும் நடுவில் ஒரு புதிய பத்தி வரைந்திருக்கிறேன்.

மிஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாங்கிலிருந்து கப்பலில் வந்த சிங்கர் கால் மிஷின் அது. அடித்தட்டின் வலப்பக்கத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதைக் கொண்டு மிஷின் எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று அறியலாம். எங்களுடையது ஒய் என்ற எழுத்தில் தொடங்குகிறது. அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையைக் குறிக்கும். அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே பிறந்த மிஷின் முற்றத்து ஓரத்தில் இன்னும் ஓடுகிறது. ஆனால் அது நேர்த்தையல் மட்டுமே போடும். ஓவர்லாக் கிடையாது, கோணல்மாணலாகப் போய் ஓரத்தைக் கட்டும் தையல் கிடையாது. பிசிறு வெளியே தெரியாமல் இருக்க நான் ஒவ்வோர் இணைப்பையும் இரண்டு முறை தைக்கிறேன். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் அங்குலத்துக்கும் குறைவாக ஒரு தையல். ஓரத்தைக் கத்தரித்து, துணியைத் திருப்பி, பிசிறு உள்ளே அடைபடும்படி இரண்டாம் தையல். தலையணை உறைகளையும் உள்பாவாடைகளையும் அப்படியே தைத்தேன். ஓவர்லாக் இருந்தால் இரண்டு மடங்கு தைத்திருக்கலாம் என்று மகன் கணக்குச் சொன்னான். அவன் கணக்கு சரி. ஆனால் அப்படி இரட்டைத் தையல் போட்ட உறை துணி நைந்தாலும் தையலில் விடாது. குறைவாகவும் உறுதியாகவும் தைப்பதையே நான் விரும்புகிறேன்.

வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. எங்கள் பள்ளத்தூர் வீட்டின் அறைகள் உட்புறம் இருண்டவை. சுவர் கனம், ஜன்னல் சிறிது. முற்றத்து ஓரத்தில் வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் வெளிச்சம்தான் வெட்டுவதற்கு ஏற்றது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துணியைப் பரப்பினால் வழுவழுப்பான தளம் சுருக்கம் விடாது. ஆனால் தரையின் பூக்கோலமும் துணியின் கோடும் சேர்ந்து கண்ணைக் குழப்பும். அதனால் அடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்வேன். நண்பகலுக்குமேல் வெட்டு வேலை இல்லை, கைவேலைதான்.

கணவரின் சட்டைதான் எனக்கு உண்மையான பாடம். ரவிக்கை தைக்கிற கைக்குச் சட்டை என்ன கடினம் என்று கேட்கலாம். ரவிக்கை உடம்போடு ஒட்டி நிற்கும்; சட்டையோ தன் காலரையும் பட்டியையும் நம்பி நிற்கும். 36 அங்குல அகலத் துணியில் அரைக்கைச் சட்டைக்கு இரண்டேகால் மீட்டர் வரை வேண்டும். கழுத்துப் பட்டையும் அதன் மேல் காலரும் தனித்தனித் துண்டுகள். இரண்டின் உள்ளேயும் கேன்வாஸ் வைக்க வேண்டும். அந்தக் கேன்வாஸையும் நனைத்து உலர்த்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் துவைத்த பிறகு காலரில் கொப்புளம் எழும். காலரின் இரண்டு முனைகளிலும் நேரே திரும்பாமல், முனைக்கு முன் ஒரே ஒரு தையலைக் குறுக்கே போட்டுத் திரும்பினால் முனை கூர்மையாக வரும். உள்ளிருக்கும் துணியைப் படிப்படியாகக் கத்தரித்துக் கனத்தைக் குறைக்க வேண்டும். மேல் காலர் அடிக் காலரைவிட ஒரு நூல் அளவு பெரிதாக இருந்தால்தான் தையல் கோடு வெளியே எட்டிப்பார்க்காது. இவ்வளவும் கற்றுக்கொண்டு, பழைய வேட்டித் துணியில் காலர்களை மட்டும் தைத்துத் தைத்துப் பழகினேன். சட்டை வரவில்லை; காலர் வந்துவிட்டது. பேரேட்டின்படி இது நிறைவேறாத இலக்கு. என் கையைப் பொறுத்தவரை அந்த ஆண்டில் இதைவிடப் பெரிய வரவு இல்லை.

மாடி ஜன்னல் திரைகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பங்காளிகளுக்குள் மாடி யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. திரை காத்திருக்கலாம்.

கடைசி வரிக்கு வருகிறேன். ஆயாவின் கண்டாங்கி கடுகு மஞ்சளில் அரக்குக் கட்டம் போட்டது, அகலக் கரை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பேசியது. நான் அன்று பெட்டியைத் திறந்து ஆயாவின் சேலையை எடுத்து மடிப்பு மாற்றி வைத்தேன். பழைய பருத்திச் சேலை மடிப்பில்தான் முதலில் விடும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். அதனால் அவ்வப்போது வேறுவிதமாக மடித்து வைக்க வேண்டும். ஆயா கோட்டையூரில் இருந்தார்கள். ஓலைக் கொட்டான் முடைவார்கள், தடுக்குக்குத் துணியும் மணியும் வைத்துத் தைப்பார்கள். மிஷினில் உட்கார்ந்ததே இல்லை. அவர்களுடைய கைத்தையலின் இடைவெளி இஞ்ச் டேப் வைத்து அளந்ததுபோல் ஒரே சீராக இருக்கும். அந்தச் சேலையை வெட்டிச் சதுரங்களாக்கிப் போர்வை தைக்கலாம் என்று எழுதியிருந்தேன். கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தும் இருக்கிறேன். வெட்ட முடியவில்லை. வெட்டவும் கூடாது என்று இப்போது உறுதியாகத் தெரிகிறது. அகலக் கரையைத் துண்டாக்கினால் கண்டாங்கி கண்டாங்கியாக இருக்காது; நைந்த துணியைச் சதுரமாக்கினால் ஒவ்வொரு வெட்டு ஓரமும் ஒரு புதிய கிழிசலுக்கு வழி.

ஆகவே இலக்கை விடவில்லை, வழியை மாற்றியிருக்கிறேன். சேலையைப் பாதியாக மடித்து, நடுவில் மெல்லிய பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கொடுத்து, கட்டங்களின் கோட்டிலேயே ஓட்டுத்தையல் போட்டுப்போவேன். நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் பழைய சேலைகளை அடுக்கி விரிப்புத் தைப்பது அப்படித்தானே. கத்தரி வேண்டாம். நைந்த இடங்களை வேட்டித்துணி தாங்கிக்கொள்ளும். பின்னால் யாராவது நினைத்தால் தையலைப் பிரித்துச் சேலையை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். இது ஓராண்டு வேலையே அல்ல. அதனால் பேரேட்டில் இந்த முறை ‘போர்வை’ என்று எழுதாமல், ‘முந்தானைப் பக்கத்து முதல் இரண்டு கட்ட வரிசை’ என்று எழுதியிருக்கிறேன்.

மற்றவற்றுக்கும் அப்படித்தான். எழுதும் முறையையே மாற்றினேன். எங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் தைக்க முடியாது. மார்கழியும் தையும் வருவோர் போவோருக்கு. மாசி, பங்குனியில் கோயில் திருவிழாக்கள். சித்திரை, வைகாசி, ஆனியில் கல்யாணங்கள். வீட்டில் மிஷினுக்கு மேல் சீர்ச்சாமான் அடுக்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. நனைத்த துணி காயாது, மிஷினின் தோல்பட்டை தளர்ந்து சக்கரத்தில் வழுக்கும். இவை போக மிஞ்சுவது ஆனிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை. ஆடியில் கல்யாணம் இல்லை, காற்றும் வெயிலும் உண்டு. காலையில் நனைத்த துணி மதியம் இஸ்திரிக்கு வந்துவிடும். பன்னிரண்டு மாதத்துக்கு எழுதியதை இந்த மூன்றேகால் மாதத்துக்குள் திணிக்கப் பார்த்தால் எப்படி முடியும்? ரவிக்கை மாதம் ஒன்று என்பதை அடித்துவிட்டேன். நனைப்பது, வெட்டுவது எல்லாம் ஆடியில். அப்போது வெட்டியதை மூட்டையாகக் கட்டி நூலோடு சேர்த்து வைத்துவிட வேண்டும். கொக்கியும் ஹெம்மிங்கும் மழைக்காலத்துக்கு. அதற்கு மிஷின் வேண்டாம், வெயில் வேண்டாம், விருந்தினரோடு பேசிக்கொண்டே செய்யலாம்.

எனக்கான உருப்படிகளுக்கும் நாள் குறித்திருக்கிறேன். முதல் ரவிக்கை கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு, வெந்தய நிறம். அதற்குத் தேதி இருக்கிறது, உடுத்திப் போக இடம் இருக்கிறது. பிறத்தியாருக்குத் தைப்பதற்கு எப்படி நாள் உண்டோ அப்படி இதற்கும் உண்டு. அந்த வாரத்தில் யார் ஃபால் கொண்டுவந்தாலும், “திருவிழா முடிந்து தருகிறேன்” என்று சொல்வதாக இருக்கிறேன். நேற்று ஒருவரிடம் சொல்லியும் பார்த்தேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, சேலையை வைத்துவிட்டுப் போனார்கள்.

வரவுப் பக்கத்தில் இந்த ஆண்டு நூலும் கொக்கியும் தவிர வேறொன்றும் ஏறாது. இருப்பிலுள்ள துணியே போதும். சட்டைத் துணியும் இருப்பிலேயே இருக்கிறது, நீலக் கோடு போட்டது. கணவர் பையை இடப்பக்கம் பெரிதாக வைக்கச் சொல்கிறார், கண்ணாடிக் கூடு நுழைய வேண்டுமாம். துணியையும் கேன்வாஸையும் இன்று காலை நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.